கையில் ஒரு தாள்: இனிகோ ஜோன்ஸின் செப்புத்தகட்டு உருவப்படம்

இங்கிலாந்தின் முதல் பெரும் கட்டடக்கலைஞர் என்று போற்றப்படும் இனிகோ ஜோன்ஸின் முகத்தைப் பின்வந்த தலைமுறைகளிடம் கொண்டு சேர்த்தது ஒரு செப்புத்தகடு. பள்ளி நோட்டின் ஒரு பக்க அளவே இருக்கும் அந்தத் தகட்டில் உருவத்தைச் செதுக்கியவர் ராபர்ட் வான் வோர்ஸ்ட். அவருக்கு மூலமாக இருந்த சித்திரத்தை வரைந்தவர் ஆண்டனி வான் டைக். அரசர் முதலாம் சார்லஸின் அரசவை செழித்திருந்த 1630-களின் முற்பாதியில், மூன்று பேரும் லண்டனில் இருந்த சில ஆண்டுகளுக்குள் இந்தப் படம் உருவானது. பரோக் காலம் தந்த செதுக்கு உருவப்படங்களில் இதைவிட ஆடம்பரமானவை ஏராளம் உண்டு. ஒரு தொழிலின் மதிப்பையே உயர்த்திக் காட்டியவை என்று தேடினால், இதற்கு இணையாகச் சொல்லக்கூடியவை மிகக் குறைவு.

படத்தில் ஜோன்ஸ் அரையளவு உருவமாகத் தெரிகிறார். வயது அறுபதை ஒட்டியிருக்கும். தலையில் ஒட்டிப் பிடித்த சிறு தொப்பி. அதன் ஓரத்திலிருந்து சுருள்முடி வெளியே வழிகிறது. கூர்மையாக இறங்கும் தாடி, அகன்ற கழுத்துப்பட்டி, தோளில் போர்த்திய மேலாடை. கையில் ஒரு தாள் இருக்கிறது. கவராயம் இல்லை, மட்டப்பலகை இல்லை, முழக்கோல் இல்லை. அவர் கட்டிய மண்டபங்களில் ஒன்றைக்கூடப் பின்னணியில் காட்டவில்லை. கட்டடம் கட்டியவரின் படத்தில் கட்டடமே இல்லை என்பது முதலில் வியப்பாகத் தோன்றும். அவரைப் பற்றி அன்று நடந்துகொண்டிருந்த சண்டையைத் தெரிந்துகொண்டால், அந்த ஒற்றைத் தாள் எவ்வளவு யோசித்து வைக்கப்பட்டது என்பது புரியும்.

ஜோன்ஸ் 1573-இல் லண்டனின் ஸ்மித்ஃபீல்டு பகுதியில் ஒரு துணித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். இளமையில் ஒரு தச்சரிடம் வேலை பழகினார் என்று பழைய செய்திகள் சொல்கின்றன. 1603-ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்றில் அவர் படம் எழுதுபவர் என்று குறிக்கப்பட்டிருக்கிறார். 1605 முதல் அரண்மனைக் கூத்துகளுக்கு மேடையும் உடையும் எந்திரமும் வடிவமைத்தார். அந்தக் கூத்துகளின் சொற்களை எழுதியவர் நாடகாசிரியர் பென் ஜான்சன். 1613-இல் அருண்டெல் பிரபுவுடன் இத்தாலிக்குப் போன ஜோன்ஸ், இத்தாலியக் கட்டடக்கலைஞர் பல்லாடியோ எழுதிய கட்டடக்கலை நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்து, நூலில் உள்ளதையும் நேரில் நிற்பதையும் ஒப்பிட்டு ஓரங்களில் குறிப்பெழுதினார். அந்தப் பிரதி இன்றும் ஆக்ஸ்ஃபோர்டின் வொர்ஸ்டர் கல்லூரியில் இருக்கிறது. 1614-இல் முதிய கலைஞர் ஸ்கமோட்சியையும் அவர் சந்தித்தார். ஊர் திரும்பிய மறு ஆண்டே, அரசரின் கட்டடப் பணிகள் அனைத்துக்கும் தலைமை மேற்பார்வையாளர் பதவி அவருக்குக் கிடைத்தது.

அந்தப் பதவியில் அவர் செய்தவை லண்டனின் தோற்றத்தையே மாற்றின. கிரீனிச்சில் அரசி மாளிகையை 1616-இல் தொடங்கினார். அது முடிய 1635 ஆயிற்று. வைட்ஹால் அரண்மனையின் விருந்து மண்டபம் 1619-இல் தொடங்கி 1622-இல் நிமிர்ந்தது. அதன் உள்கூடம் 110 அடி நீளம், 55 அடி அகலம், 55 அடி உயரம். அதாவது இரண்டு கனசதுரங்களை அடுத்தடுத்து வைத்த அளவு. மரச்சட்டமும் செங்கல்லும் கூர்மாடமுமாக இருந்த நகரத்துக்கு நடுவே, கல் முகப்பும் அளவொத்த தூண்வரிசையும் கொண்ட அந்தக் கட்டடம் வேற்று நாட்டிலிருந்து வந்து இறங்கியதுபோல நின்றது. செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையின் அரசி வழிபாட்டுக்கூடமும், கோவென்ட் கார்டன் சதுக்கமும், அதன் மேற்குப்புறத் தேவாலயமும் அடுத்தடுத்து வந்தன.

இவ்வளவும் செய்த பிறகும் அவருடைய தொழிலுக்கு என்ன மரியாதை என்ற கேள்வி தீரவில்லை. அன்றைய இங்கிலாந்தில் கட்டடம் என்பது கொத்தனார், தச்சர் ஆகியோரின் வேலை. அவர்களுடைய குழுத் தலைவர்களே திட்டமும் போட்டார்கள், கல்லும் அடுக்கினார்கள். கல்லில் கை வைக்காமல், தாளில் வரைந்துகொடுத்துவிட்டு, அந்த வரைவே கலை என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் அந்த ஏற்பாட்டில் எங்கே பொருந்துவார்? புலவர்களுக்கு இருந்த இடம் தனக்கும் உண்டு என்றார் ஜோன்ஸ். கவிதையைப் போலவே கட்டடக்கலையும் அறிவில் பிறக்கிறது என்பது அவர் இத்தாலியில் கற்றுவந்த பாடம்.

பென் ஜான்சனால் இதைத் தாங்க முடியவில்லை. 1631-இல் அரண்மனைக் கூத்து ஒன்று அச்சானபோது, முகப்புப் பக்கத்தில் தன் பெயரை முன்னாலும் ஜோன்ஸின் பெயரைப் பின்னாலும் போட்டார் ஜான்சன். ஜோன்ஸ் சினந்தார். அரசவையில் அவர் செல்வாக்கே வென்றது. அடுத்த கூத்துகளை எழுத வேறு கவிஞரை அழைத்தார்கள். ஜான்சன் விடவில்லை. ஜோன்ஸைப் பலகையும் பசையும் பூச்சும் தெரிந்த வெறும் கைவினைஞன் என்று ஏளனம் செய்து கவிதை எழுதினார். 1633-இல் அரங்கேறிய ஒரு நாடகத்தில், ரோமானியக் கட்டடக்கலை நூலாசிரியர் விட்ருவியஸின் பெயரைச் சுமந்த கோமாளிப் பாத்திரம் ஒன்றைப் படைத்திருந்தார். அது ஜோன்ஸைக் குறிக்கிறது என்று புகார் வந்ததால், நாடகங்களுக்கு அனுமதி தரும் அதிகாரி அந்தப் பாத்திரத்தையே நீக்கச் சொன்னார். ஜான்சன் அதற்குப் பதிலாக ஒரு பீப்பாய் செய்பவனை மேடையில் ஏற்றினார். யாரைச் சொல்கிறார் என்பது பார்த்தவர்களுக்கு விளங்கியிருக்கும்.

வான் டைக் ஜோன்ஸை வரைந்தது இந்த ஏளனம் சூடாக இருந்த காலத்தில்தான். ஆண்ட்வெர்ப் நகரத்து ஓவியரான அவர் 1632-இல் லண்டன் வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் அரசர் அவருக்கு ‘சர்’ பட்டம் கொடுத்தார், பின்னர் ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகையும் ஏற்பாடு செய்தார். வான் டைக்குக்கு ஒரு வீடு பார்த்துக்கொடுப்பது பற்றி இனிகோ ஜோன்ஸிடம் பேச வேண்டும் என்று அரசாங்கக் குறிப்பு ஒன்று இன்றும் இருக்கிறது. தேம்ஸ் நதிக்கரையில் பிளாக்ஃபிரையர்ஸ் பகுதியில் ஓவியருக்கு வீடு அமைந்தது. அரண்மனைக் கட்டடங்களைக் கவனித்த முதியவரும், அரண்மனை முகங்களை வரைய வந்த இளையவரும் இப்படி வேலை வழியாகவே நெருங்கினார்கள். வான் டைக்குக்கு அப்போது வயது 33. ஜோன்ஸுக்கு ஏறத்தாழ 59.

வான் டைக் லண்டனுக்கு வரும்போதே ஒரு பெரிய வேலையைப் பாதியில் வைத்திருந்தார். தன் காலத்தின் புகழ்பெற்ற மனிதர்களை வரைந்து, செப்புத்தகட்டில் செதுக்கவைத்து, ஒரே அளவில் தொகுதியாக வெளியிடுவது அவர் திட்டம். பின்னாளில் ‘ஐகனோகிராஃபி’ என்ற பெயரில் அது நிலைத்தது. ஆண்ட்வெர்ப்பில் மார்ட்டின் வான் டென் எண்டன் என்ற பதிப்பாளர் அதிலிருந்து 80 படங்களை வெளியிட்டார். அந்த எண்பதின் பங்கீட்டில்தான் தொகுதியின் துணிச்சல் இருக்கிறது. அரசர்களும் படைத்தலைவர்களும் 16 பேர். அமைச்சர்களும் அறிஞர்களும் 12 பேர். கலைஞர்களும் கலை ஆர்வலர்களும் 52 பேர்.

கலைஞர்களின் முகங்களை அச்சிட்டுத் தொகுப்பது அதற்கு முன்பும் நடந்ததுதான். வசாரி தன் கலைஞர் வரலாற்றின் 1568 பதிப்பில் மரக்கட்டை அச்சில் உருவங்களைச் சேர்த்தார். 1572-இல் ஆண்ட்வெர்ப்பிலேயே நெதர்லாந்து ஓவியர்களின் உருவத் தொகுதி ஒன்று வந்தது. அவை பெரும்பாலும் மறைந்தவர்களுக்குச் செலுத்திய நினைவஞ்சலி. வான் டைக் உயிரோடிருக்கும் ஓவியர்களையும் சிற்பிகளையும் செதுக்குவோரையும் வரைந்து, இளவரசர்களுக்குக் கொடுக்கும் அதே நிலையிலும் அதே தோரணையிலும் நிறுத்தினார். உளி பிடித்த கையையோ தூரிகைக் கறையையோ தேடினாலும் எளிதில் கிடைக்காது. மேலாடையை அள்ளிப் பிடித்த விரல்களும் பக்கவாட்டில் திரும்பிய தலையும் பேச்சை நடுவில் நிறுத்தியவர்களைப் போன்ற பார்வையும்தான் இருக்கும். ஜோன்ஸ் போய் அமர்ந்த வரிசை இது. மேடையில் பீப்பாய்க்காரனாக நின்றவருக்கு, தாளில் பிரபுக்களோடு சரியாசனம் கிடைத்தது.

ஜோன்ஸின் உருவம் செதுக்கப்படுவது இது முதல்முறை அல்ல. 1614-ஐ ஒட்டி, அவர் ரோமில் இருந்தபோது, அந்நகரத்தின் பேர்பெற்ற செதுக்குக் கலைஞர் ஃபிரான்செஸ்கோ வில்லமேனா அவர் முகத்தை முட்டைவடிவச் சட்டத்துக்குள் பதிவு செய்திருந்தார். அது ஒரு பயணியின் முகம். சாதனை எதுவும் இன்னும் நிமிர்ந்திராத காலத்துப் படம் அது. வான் டைக்கின் படத்தில் இருப்பவர் தன் கட்டடங்களின் எடையைச் சுமந்தவர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இடையில் ஓடிய இருபது ஆண்டுகள் நெற்றியிலும் கண்ணோரத்திலும் தெரிகின்றன.

ஒரு உருவம் இந்தத் தொகுதிக்குள் வருவதற்குப் பல கைகளைக் கடந்தது. முதலில் வான் டைக் ஆளை எதிரே உட்காரவைத்து, கருஞ்சுண்ணத்தால் தாளில் விரைவாக வரைவார். ஜோன்ஸை வரைந்த அந்தத் தாள் டெவன்ஷயர் பிரபுக்களின் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தொகுப்பில் உள்ளது. முகத்தில் மட்டும் உழைப்பைக் கொட்டி, உடையைச் சில கோடுகளோடு விட்டிருக்கிறார். அடுத்து, பல உருவங்களுக்குச் சிறு பலகையில் பழுப்பும் சாம்பலுமான நிறங்களில் எண்ணெய் ஓவியம் ஒன்று தயாராகும். எங்கே ஒளி, எங்கே நிழல் என்று செதுக்குபவருக்கு வழிகாட்ட அது உதவும். அதற்குப் பிறகே தகடு. சில தகடுகளை வான் டைக் தானே அமில முறையில் செய்தார். மீதியை லூக்காஸ் வோர்ஸ்டர்மான், பாவுலஸ் பொன்டியுஸ் போன்ற தேர்ந்தவர்களிடம் கொடுத்தார். சோதனைப் படி வந்ததும் அதன்மேலேயே சுண்ணத்தாலும் தூரிகையாலும் திருத்திக் காட்டித் திருப்பி அனுப்புவார்.

லண்டன் தகடுகளில் சில வான் வோர்ஸ்டிடம் போயின. 1597-இல் டெவென்டர் நகரில் பிறந்து, உட்ரெக்ட்டில் கிறிஸ்பைன் டெ பாஸ் என்பவரிடம் தொழில் கற்று, 1620-களின் இறுதியில் லண்டன் வந்தவர் அவர். முதலாம் சார்லஸின் செதுக்குக் கலைஞராகவும் ஆனார். அரசரும் அரசியும் சேர்ந்திருக்கும் வான் டைக்கின் ஓவியத்தை 1634-இல் தகட்டில் கொண்டுவந்தார். தொகுதிக்காக அவர் செதுக்கியவற்றில் சர் கெனெல்ம் டிக்பி, பிரெஞ்சு ஓவியர் சிமோன் வூவே, தன் சொந்த உருவம், இனிகோ ஜோன்ஸ் ஆகியவை உண்டு. 1636-இல் லண்டனிலேயே அவர் மறைந்தார். ஜோன்ஸின் படம் 1632-க்கு முந்தியதாக இருக்க முடியாது, 1636-க்குப் பிந்தியதாகவும் இருக்க முடியாது என்று கணிப்பது இந்த இரண்டு தேதிகளைக் கொண்டுதான்.

வான் வோர்ஸ்டின் கருவி சின்னது. சாய்சதுர வெட்டுமுகம் கொண்ட எஃகுக் கம்பி, அதன் நுனி சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும், பின்முனையில் காளான் வடிவ மரப்பிடி. பிடி உள்ளங்கையில் பொருந்த, சுட்டுவிரல் கம்பியின் மேல் படிய, தகட்டுக்கு ஏறக்குறையக் கிடைமட்டமாகக் கருவியை முன்னே தள்ள வேண்டும். தகடு மணல் நிரப்பிய தோல் மெத்தையின்மேல் இருக்கும். வளைகோடு வேண்டுமென்றால் கையை வளைப்பதில்லை. கை நிலையாக இருக்க, மறுகை தகட்டை மெல்லத் திருப்பும். மெதுவாக அழுத்தம் கூட்டினால் கோடு பருக்கும், தளர்த்தினால் மயிரிழையாய் மெலியும். பள்ளத்திலிருந்து சுருண்டு எழும் செம்புச் சீவலையும், ஓரத்தில் நிற்கும் பிசிரையும் சுரண்டியால் வழித்தெடுக்க வேண்டும். தவறு நேர்ந்தால் அழிப்பது பெரும்பாடு: அந்த இடத்தைச் சுரண்டி, தேய்த்து மெருகேற்றி, பின்பக்கமிருந்து தட்டி மட்டமாக்கிய பிறகே மீண்டும் செதுக்கலாம்.

கறுப்பு, வெள்ளை இரண்டை வைத்துக்கொண்டு தோலும் துணியும் முடியும் வேறு வேறு என்று காட்டுவதே இந்தக் கலையின் சவால். மேலாடைக்கு நீண்டு வளைந்து பருத்து மெலியும் இணைகோடுகள். அவற்றின் குறுக்கே இன்னொரு வரிசை ஓடும்போது நிழல் ஆழமாகும், வலைக்கண்களைப் போன்ற சிறு சாய்சதுரங்கள் பிறக்கும். கன்னத்தில் அதே கோடுகள் மெலிந்து, துண்டு துண்டாகி, கடைசியில் புள்ளிகளாய் முடிந்து வெறுந்தாளின் வெண்மையில் கரையும். தாடியிலும் சுருள்முடியிலும் ஒவ்வொரு கோடும் முடி வளரும் திசையிலேயே போக வேண்டும். இதையெல்லாம் தலைகீழ் மனக்கணக்கோடு செய்ய வேண்டும், ஏனெனில் தகட்டில் வலமாக இருப்பது தாளில் இடமாக விழும். வான் டைக் சில நிமிடங்களில் சுண்ணத்தால் இழுத்த ஒரு கோட்டுக்கு வான் வோர்ஸ்ட் வரிசை வரிசையாகச் செதுக்கினார். வரைந்தவரின் புகழ் வெளிச்சத்தில் இந்த உழைப்பு பெரும்பாலும் மறைந்துபோகிறது. அந்தப் பார்வையின் கூர்மையில் பாதி வான் வோர்ஸ்டுக்கு உரியது.

அச்சிடும்போது தகட்டை இளஞ்சூடாக்கி, கெட்டி மையைப் பள்ளங்களில் திணித்து, மேற்பரப்பைத் துணியாலும் பிறகு உள்ளங்கையாலும் துடைப்பார்கள். ஈரப்படுத்திய தாளை மேலே வைத்து, கம்பளம் போர்த்தி, இரண்டு உருளைகளுக்கு இடையே அழுத்தி இழுக்கும்போது பள்ளத்து மையைத் தாள் உறிஞ்சும். தகட்டின் விளிம்பும் தாளில் பதிந்து ஒரு தழும்பை விடும். ஒவ்வொரு அழுத்தத்திலும் செம்பு சிறிது தேய்வதால், தொடக்கத்துப் படிகளே செழுமையானவை. கன்னத்துப் புள்ளிகள்தான் முதலில் மங்கும்.

உருவத்தின் கீழே இலத்தீனில் ஒரு வாசகம் இருக்கிறது. மிகப் புகழ்பெற்ற மனிதர் இனிகோ ஜோன்ஸ், பிரித்தானிய அரசரின் கட்டடக்கலைத் தலைவர் என்பது அதன் கருத்து. இத்தகைய வாசகங்களில் வான் டைக் எவ்வளவு கவனம் வைத்தார் என்பதற்குச் சான்று உண்டு. வான் வோர்ஸ்ட் செதுக்கிய டிக்பியின் படத்துக்குக் கீழே போட ஒரு வாசகம் எழுதித் தரும்படி, அருண்டெல் பிரபுவின் நூலகரும் அறிஞருமான ஃபிரான்சிஸ்கஸ் யூனியுஸுக்கு 1636 ஆகஸ்டில் அவர் கடிதம் எழுதினார். பெயரும் பட்டமும் சரியாக அமையாவிட்டால் படம் பாதி ஊமை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஜோன்ஸின் அலுவல் ஆவணங்களில் இருந்த மேற்பார்வையாளர் என்ற பதவிப் பெயர், இந்தத் தகட்டில் ஒரு கலையின் தலைமைப் பீடமாக உயர்ந்துவிட்டது.

தகட்டில் ஏறிய புகழ் வாழ்க்கையில் நீடிக்கவில்லை. ஜோன்ஸ் 1633 முதல் லண்டனின் பழைய செயின்ட் பால் பேராலயத்தைப் புதுப்பித்து, மேற்கு முகப்பில் மாபெரும் தூண்மண்டபம் ஒன்றை எழுப்பினார். அதற்கு இடம் வேண்டி, அருகிலிருந்த செயின்ட் கிரிகரி ஆலயத்தின் ஒரு பகுதியை இடிக்கச் செய்தார். அந்த ஆலயத்து மக்கள் நாடாளுமன்றத்தில் முறையிட, 1641-இல் பிரபுக்கள் அவையின் முன் அவர் பதில் சொல்ல நேர்ந்தது. அந்த ஆண்டின் டிசம்பரில் வான் டைக் இறந்து, ஜோன்ஸ் திருத்திக்கொண்டிருந்த அதே பேராலயத்தில் அடக்கமானார். மறு ஆண்டு அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் வெடித்ததும் எல்லாப் பணிகளும் நின்றன.

1645 அக்டோபரில் பேசிங் மாளிகை நாடாளுமன்றப் படைத்தலைவர் கிராம்வெல்லின் படையிடம் வீழ்ந்தது. அரசர் பக்கத்தவர்கள் நெடுநாள் தாக்குப்பிடித்த அந்தக் கோட்டைக்குள் 72 வயது ஜோன்ஸும் இருந்தார். படைவீரர்கள் அவர் உடைகளைப் பறித்துக்கொள்ள, ஒரு போர்வையில் சுற்றி அவரை வெளியே கொண்டுவந்தார்கள். அங்கே பிடிபட்டவர்களில் செதுக்குக் கலைஞர் வில்லியம் ஃபெய்த்தோர்னும் ஒருவர். சிறையிலிருந்து பிரான்சுக்கு நாடு கடத்தப்பட்ட அவர், பின்னர் ஆப்ரஹாம் போஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் தொழில்நூலைத் தழுவி 1662-இல் ஆங்கிலத்தில் செதுக்குக் கலைக் கையேடு ஒன்றை வெளியிட்டார். போஸின் மூலநூல் வந்த ஆண்டும் 1645. ஆண்ட்வெர்ப்பில் கில்லிஸ் ஹெண்ட்ரிக்ஸ் என்ற பதிப்பாளர் வான் டைக்கின் தகடுகளைப் பெற்று, நூறு உருவங்களாகப் பெருக்கிப் புதிய தலைப்புப் பக்கத்தோடு வெளியிட்டதும் அந்த ஆண்டை ஒட்டித்தான். ஜோன்ஸ் சொத்தெல்லாம் முடக்கப்பட்டுக் கைதியாக நின்ற நேரத்தில், மேலாடையும் தாளுமாக அவர் முகம் ஐரோப்பிய அச்சுக்கடைகளில் விற்பனையாகிக்கொண்டிருந்தது.

அபராதம் கட்டிச் சொத்தை மீட்டாலும் அவருக்குப் பழைய வேலை திரும்பவில்லை. 1649 ஜனவரி 30 அன்று முதலாம் சார்லஸ், ஜோன்ஸ் கட்டிய விருந்து மண்டபத்தின் வழியாகவே நடந்துபோய், அதன் முகப்புக்கு முன் அமைத்த மேடையில் தலை வெட்டப்பட்டார். ஜோன்ஸ் 1652 ஜூனில் இறந்தார். தன் கல்லறைச் சின்னத்துக்கு 100 பவுன் ஒதுக்கி உயில் எழுதியிருந்தார். விருந்து மண்டபமும் செயின்ட் பால் முகப்பும் அதில் புடைப்பாகச் செதுக்கப்பட்டன.

அவருடைய தாள்கள் மாணவரும் உறவினருமான ஜான் வெப்பிடம் போயின. ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தை யார் கட்டினார்கள் என்று முதலாம் ஜேம்ஸ் அரசர் 1620-இல் ஆராயச் சொன்னபோது ஜோன்ஸ் எழுதிவைத்த குறிப்புகளை, வெப் 1655-இல் நூலாக்கினார். அது ரோமானியர் கட்டிய கோயில் என்பது நூலின் முடிவு. முடிவு தவறு, இருந்தாலும் ஒரு பழங்கட்டடத்தை அளந்து, வரைந்து, வாதிடும் முறையை ஆங்கிலத்தில் தொடங்கிவைத்த நூல்களில் அதற்கு இடமுண்டு. நூலில் ஜோன்ஸின் உருவம் வேண்டியிருந்தது. ப்ராக் நகரத்தில் பிறந்து, அருண்டெல் பிரபுவோடு 1636-இல் லண்டன் வந்த வென்செஸ்லாஸ் ஹோலார், வான் டைக்கின் சித்திரத்தை மூலமாகக் கொண்டு புதிய தகடு ஒன்றைச் செய்தார்.

ஹோலாரின் முறை வேறு. தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் அதைக் கீறி, அமிலத்தில் இட்டால், கீறிய இடத்தில் மட்டும் செம்பு அரிக்கும். கை தாளில் வரைவதைப் போலவே சுதந்திரமாக ஓடலாம். கோடுகள் பருத்து மெலியும் கம்பீரம் இதில் குறைவு. நெருக்கமும் மென்மையும் அதிகம். வான் வோர்ஸ்டின் ஜோன்ஸ் அவையில் அமர்ந்தவர் என்றால், ஹோலாரின் ஜோன்ஸ் படிப்பறையில் இருப்பவர். ஹோலார் அவருக்குச் செய்த இன்னொரு உதவி இதைவிடப் பெரியது. 1658-இல் டக்டேல் எழுதிய செயின்ட் பால் பேராலய வரலாற்றுக்கு அவர் செய்த தகடுகளில் ஜோன்ஸின் மேற்கு முகப்பும் இருக்கிறது. எட்டு ஆண்டுகளில், 1666-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் ஜோன்ஸின் நினைவுச் சின்னமும், பேராலயமும், அதனுள் இருந்த வான் டைக்கின் கல்லறையும் அழிந்தன. அந்த முகப்பை இன்று கண்ணால் காண்பதற்குத் துணைநிற்பது ஹோலாரின் அந்தத் தகடுதான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜோன்ஸுக்கு இரண்டாவது வாழ்வு வந்தது. 1715-இல் தொடங்கிய கோலன் கேம்பலின் கட்டடக்கலைத் தொகுதி அவரை ஆங்கிலேயரின் பல்லாடியோவாக முன்னிறுத்தியது. பர்லிங்டன் பிரபு ஜோன்ஸின் வரைபடங்களை விலைகொடுத்துத் தேடிச் சேர்த்தார். அவர் ஆதரவில் வில்லியம் கென்ட் 1727-இல் அவற்றைச் செப்புத்தகட்டு நூலாக வெளியிட்டார். சிஸ்விக்கில் தான் கட்டிய மாளிகையின் முன்னால் பல்லாடியோவுக்கு ஒரு சிலை, ஜோன்ஸுக்கு ஒரு சிலை என்று பர்லிங்டன் நிறுத்தினார். இரண்டையும் செதுக்கியவர் ரைஸ்ப்ராக். கல்லில் ஜோன்ஸின் முகத்தை வடிக்க அவருக்குக் கிடைத்த ஆதாரம் வான் டைக்கின் உருவம். 1757-58-இல் சர் எட்வர்ட் லிட்டில்டன் என்ற செல்வந்தருக்காக வில்லியம் ஹோகார்த் ஜோன்ஸை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியபோதும் அதே தொப்பி, அதே தாடி, அதே பார்வை. ஜோன்ஸ் இறந்து நூறாண்டு கடந்தபின், அவரைப் பார்த்தேயிராத கைகள் வான் டைக்கின் பதிவை நம்பியே வேலை செய்தன. ஹோகார்த்தின் ஓவியம் இப்போது கிரீனிச்சின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜோன்ஸ் கட்டிய அரசி மாளிகையும் அந்த அருங்காட்சியகத்தின் பகுதியே.

வான் டைக் தொகுதியின் தகடுகள் பதிப்பாளர்களின் கைகளில் மாறி மாறிப் போய், தேய்ந்த இடங்களில் மறுபடி செதுக்கப்பட்டு, திரும்பத் திரும்ப அச்சாயின. அவற்றில் பல 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துத் தகட்டுச் சேகரத்தை அடைந்தன. தொகுதியின் ஒரு படியின் வயதை அறிய விரும்புவோர் முதலில் விளிம்பைப் பார்க்கிறார்கள். எழுத்தே இல்லாத படி சோதனைக் காலத்தது. வான் டென் எண்டனின் பெயர் இருந்தால் முதல் வெளியீடு. அது சுரண்டப்பட்டு ஹெண்ட்ரிக்ஸின் முதலெழுத்துகள் ஏறியிருந்தால் 1645-ஐ ஒட்டியது. அவையும் அழிந்த இடத்தில் மங்கலான தடம் மட்டும் தெரிந்தால், தகடு பல ஆயிரம் முறை உருளைக்குள் போய்வந்த பிறகு எடுத்த பிற்காலப் படி.